டிவியோடு இணைக்கும் கம்ப்யூட்டருக்குச் சத்தமில்லாத கிராபிக்ஸ் கார்டு எது?

கேள்வி: ஐ5 நான்காம் தலைமுறை கம்ப்யூட்டரை 4கே டிவியோடு இணைத்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. எந்தக் கார்டு போடலாம்?

ஃபேன் இல்லாத என்விடியா ஜிடி 1030 கார்டை வாங்குங்கள், ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதாகப் பார்த்து. 30 வாட்தான் எடுக்கும், தனி பவர் வயர் வேண்டாம், எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 பிரேம்) கிடைக்கும். 4கே படங்கள் பெரும்பாலும் எச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும்; உங்கள் பிராசசரில் அதைப் பிரிக்கும் சில்லு இல்லை, அதனால்தான் திக்கல்.

மலிவு என்று ஜிடி 710 பக்கம் போகாதீர்கள். எச்இவிசி அதற்கும் வராது, 4கேயில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பணம் தண்டம்.

யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 என்ற புதிய வீடியோ சுருக்க முறை ஜிடி 1030க்கு வராது. யூடியூப் 4கே தடுமாறினால், பிரவுசரில் ஏவி1ஐ முடக்கும் நீட்சி ஒன்றைப் போடுங்கள். அப்போது விபி9 என்ற பழைய முறையில் ஓடும், அதை இந்தக் கார்டு நன்றாகவே சமாளிக்கும். ஏவி1 வேண்டுமென்று இன்டெல் ஆர்க் வாங்கினால், ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் அது சொதப்பலாம்.

ஃபேன் இல்லாத கார்டுக்கும் காற்று வேண்டும். டிவி ஸ்டாண்டுக்குள் மூடி வைத்தால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) தொட முடியாத அளவு கொதிக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டில் 120 மிமீ ஃபேன் ஒன்றை 600 ஆர்பிஎம் அளவில் சுற்றவிடுங்கள், காதில் விழாது. வாங்குமுன் ஹீட்சிங்க்கின் தடிமனைப் பாருங்கள், சிலது இரண்டு ஸ்லாட்டை அடைக்கும். ஒல்லிக் கேபினெட் என்றால் குட்டைப் பிராக்கெட் (கார்டைக் கேபினெட்டில் பொருத்தும் சின்னத் தகடு) பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தின் 'வீடியோ டிகோட்' கோடு ஏறினால் சரி. தட்டையாகக் கிடந்தால் பிளேயரில் ஹார்டுவேர் டிகோடிங் (வீடியோவைக் கார்டே பிரிக்கும் வசதி) அணைந்திருக்கிறது.