எஸ்டபிள்யூஆர் குறைந்தது, குரலும் குறைந்தது: உப்புவெளி வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், பொழுதுபோக்காக ஹாம் வானொலியில் பேசுகிறேன். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து 300 மீற்றர் உள்ளே, 15 பேர்ச் காணியில் வீடு. போன வருடம் நண்பரின் உதவியோடு 80 மீற்றர் அலைநீளப் பட்டைக்கு ஒரு கம்பி டைப்போல் (நடுவில் கேபிள் சேரும் இரு கை அன்ரெனா) கட்டினோம். நடுப்பகுதி தென்னையில் 9 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஆரம்பத்தில் 3.65 மெகாஹேர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3 காட்டியது, பட்டையின் ஓரங்களில் 3க்கு மேல் ஏறியது. இப்போது 3.5 முதல் 3.9 வரை எங்கே வைத்தாலும் 1.6க்குக் கீழேதான். ஆனால் முன்பு தெளிவாகப் பேசிய யாழ்ப்பாண, கொழும்பு நண்பர்களுக்கே என் குரல் கேட்பதில்லை. வந்து பார்த்த வியாபாரி ஒருவர், எஸ்டபிள்யூஆர் நன்றாக இருப்பதால் அன்ரெனாவில் பிழையில்லை, உயரம்தான் போதாது, 60 அடிக் கோபுரத்தின் மேல் வெளிநாட்டு வேர்டிக்கல் (செங்குத்தாக நிற்கும் அன்ரெனா) ஒன்று வைத்தால் சரியாகிவிடும், கடல் பக்கம் என்பதால் அடியில் சுற்றிவரப் பரப்புகிற ரேடியல் கம்பியும் தேவையில்லை என்கிறார். வாங்கலாமா? எஸ்டபிள்யூஆரைச் சரிக்கட்டுகிற ரியூனரும் வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள், மாஸ்டர். முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். உங்கள் பிரச்சினை உயரம் இல்லை, பெரும்பாலும் ஒலிபரப்பியை அன்ரெனாவோடு இணைக்கிற கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய இலக்கங்களே சொல்கின்றன. 80 மீற்றரில் சாதாரணக் கம்பி டைப்போல் ஒன்று எஸ்டபிள்யூஆர் 2க்குக் கீழே நிற்பது 150, மிஞ்சினால் 200 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குத்தான். நடுவில் இறங்கி ஓரங்களில் ஏறுவது அதன் சுபாவம். அப்படி இருந்தது திடீரென்று 400 கிலோஹேர்ட்ஸ் முழுக்கத் தட்டையாகக் கிடக்கிறது என்றால், அது நன்றாகிவிட்டது என்று அர்த்தமில்லை, எங்கோ சக்தி சூடாகிப் போகிறது என்று அர்த்தம். மீற்றருக்குத் தெரிந்தது திரும்பி வருகிற சக்தி எவ்வளவு என்பது மட்டும்தான். போகும்போது பாதியைக் கேபிள் விழுங்கி, அன்ரெனாவிலிருந்து திரும்புவதிலும் பாதியை விழுங்கிவிட்டால் மீற்றரிடம் வந்து சேருவது சொற்பம், அதைப் பார்த்து அது "எல்லாம் நல்லது" என்கிறது. டம்மி லோடுக்கு, அதாவது அன்ரெனாவுக்குப் பதிலாகப் பூட்டிச் சக்தியைச் சூடாக்கி விழுங்குகிற மின்தடைக்கு, எஸ்டபிள்யூஆர் 1தான், அதில் பேசிப் பாருங்கள், அடுத்த ஊருக்குக்கூடக் கேட்காது. இது தெரியாமலா அந்த ஆள் அன்ரெனா விற்கிறார்? தெரிந்துதான் சொல்கிறார் என்றால் அது இன்னும் மோசம்.

சரி, என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கேபிளை அன்ரெனாவிலிருந்து கழற்றி, அந்த முனையில் நடுக்கம்பியையும் அதைச் சுற்றியிருக்கிற செப்புப் பின்னலையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிடுங்கள். பிறகு வீட்டுக்குள் மறுமுனையில் நனோ விஎன்ஏ போன்ற சிறிய அளவுகருவியை வைத்து 3.6 மெகாஹேர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் பாருங்கள். ஒலிபரப்பியைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது எரிந்துவிடக்கூடும். கருவி இல்லையென்றால் ஊரில் வேறு ஹாம் நண்பர் யாரிடமாவது ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்குங்கள். முனை குறுக்காக இணைந்திருப்பதால் போன சக்தி எல்லாம் திரும்பி வரவேண்டும், ஆகவே எஸ்டபிள்யூஆர் எவ்வளவு கூடக் காட்டுகிறதோ அவ்வளவு நல்லது. 30 மீற்றர் நீள ஆர்ஜி-58 என்கிற மெல்லிய வகைக் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் 10க்குப் பக்கத்தில் அல்லது அதற்கு மேல் காட்டும். 5 என்றால் சந்தேகம். 3 காட்டினால் நீங்கள் அனுப்புகிற சக்தியில் சரிபாதி கேபிளுக்குள்ளேயே போகிறது. உங்களுடையது 3க்கும் கீழே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

தண்ணீர் எங்கே நுழைகிறது? மேலே, நடுமுனையில், கேபிளின் தோலை உரித்துப் பின்னலைப் பிரித்துக் கம்பியோடு சேர்த்த இடத்தில். வாடைக்காலத்தில் அந்த இடத்தில் கடற்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செப்புப் பின்னல் உப்புத் தண்ணீரைக் கேபிளுக்குள் இழுத்துக்கொண்டே போகும். மழை நின்று கச்சான் காற்றில் வெளித்தோல் காய்ந்தாலும் உள்ளே போனது போனதுதான். மேல்முனையில் ஒரு அடி வெட்டித் தோலை உரித்துப் பாருங்கள். பின்னல் பளபளவென்று புதிதுபோல் இருந்தால் நான் சொன்னது பிழை. கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் இன்னும் ஒரு மீற்றர் வெட்டிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் வெட்டிக்கொண்டே போகாமல் முழுதையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

புதிதாக வாங்கும்போதுதான் கவனம். இந்தப் பட்டைக்கு விரல் தடிப்பில் விலை கூடிய கேபிள் வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வாருங்கள். 3.6 மெகாஹேர்ட்ஸில் 30 மீற்றர் ஆர்ஜி-58 இழப்பது ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு, மறுபக்கத்தில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் செம்பு என்று சொல்லிச் செம்பு முலாம் பூசிய அலுமினியத்தை விற்கிறார்கள், அதில் ஏமாறாதீர்கள். பிளேட்டால் நடுக்கம்பியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கடலோரத்தில் அலுமினியமும் செம்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒரு மாரியைக்கூடத் தாங்காது.

அடுத்தது சிலிக்கன். இதைப் பற்றி எத்தனை பேருக்குச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஹார்ட்வெயார் கடையில் கண்ணாடிக்கும் குளியலறைக்கும் பூசுகிற சிலிக்கனை வாங்கிவந்து இணைப்பின் மேல் அப்புகிறார்கள். பூசும்போது வினாகிரி மணம் வருகிறதா? அது அசற்றிக் அமிலம், செம்பை அரிக்கும். தண்ணீரைத் தடுக்கப் போட்ட பூச்சே இணைப்பைத் தின்றுவிடும், வெளியே பார்த்தால் அழகாக மூடியிருக்கும். சாதாரண கறுப்பு மின்சார ரேப் மட்டும் சுற்றுவதும் போதாது, நம்மூர் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் ரேப் இருக்கிறது, அதைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, வெயில் படாமல் அதன்மேல் மின்சார ரேப்பைச் சுற்றுங்கள். செம்பை முறுக்கியதோடு நிறுத்தாமல் ஈயம் பற்றவைத்து இணையுங்கள், ஆணி நட்டு எல்லாம் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். கயிற்றுக்கு ஹார்ட்வெயார் கடைக்கே போகாதீர்கள், மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள், உப்புக்கும் வெயிலுக்கும் எது தாங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தென்னை ஆடும், அதனால் ஒரு முனையையாவது கப்பியில் போட்டு எடை கட்டித் தொங்கவிடுங்கள்.

இனி அந்தக் கடல் விஷயம். வியாபாரி சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதில் நல்ல தோட்ட மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மேல், காய்ந்த மணலோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு. வேர்டிக்கல் ஒன்றை அலை வந்து தொடுகிற இடத்தில் நட்டால், தொடுவானத்தை ஒட்டிப் போகிற தாழ்ந்த கோணத்தில் அது அசாத்தியமாக வேலை செய்யும். கடற்கரையில் போய்ப் பேசுகிறவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் உங்கள் வீடு 300 மீற்றர் உள்ளே. 80 மீற்றர் பட்டையில் அது கிட்டத்தட்ட நான்கு அலைநீளம். அந்த நன்மை நன்றாகக் கிடைப்பது தண்ணீரிலிருந்து ஒரு அலைநீளத்துக்குள், இன்னும் கிட்டப் போனால் இன்னும் நல்லது. உள்ளே வர வர மிச்சம் இருப்பது மணல், மணல் மோசமான நிலம். அப்புறம், கடல் பக்கத்தில் இருந்தாலும் வேர்டிக்கலின் அடியிலிருந்து திரும்புகிற மின்னோட்டத்துக்கு வழி வேண்டும், அதற்குத்தான் ரேடியல் கம்பிகள். தண்ணீருக்குள்ளேயே நட்டால் ஒழிய அது இல்லாமல் முடியாது. உங்கள் வளவு மணலில் என்றால் பதினாறு கம்பியாவது பரப்பவேண்டும், முப்பத்திரண்டு என்றால் நிம்மதி. இன்னொன்றும் கேளுங்கள்: உப்புவெளியில் கடல் கிழக்கே. கடலின் தயவு கிடைப்பதும் அந்தப் பக்கத்துக்குத்தான், தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அவுஸ்திரேலியா பக்கம். ஐரோப்பா உங்களுக்கு வடமேற்கே, அதாவது நிலத்தின் மேலாக, அந்தப் பக்கம் கடல் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் பேச விரும்புவது யாழ்ப்பாணத்தோடும் கொழும்போடும். உங்களிடமிருந்து கொழும்பு நேர்கோட்டில் கிட்டத்தட்ட 240 கிலோமீற்றர், சென்னைகூட 500தான். இந்தத் தூரத்துக்கு அலை செங்குத்தாக மேலே போய் வளிமண்டலத்தில் திரும்பி இறங்கவேண்டும். அதற்கு ஏற்றது தாழ்வாகக் கட்டிய கிடைக்கம்பிதான், உங்களிடம் இருக்கிறதே அதுவே. வேர்டிக்கல் நேர்மேலே அனுப்புவதில் மிகப் பலவீனமானது. இரண்டு இலட்சமோ நாலு இலட்சமோ கொடுத்து வாங்கி நட்ட பிறகும் யாழ்ப்பாணத்துக்குக் கேட்காது, அப்போது அதே ஆள் வந்து பவர் அம்ப்ளிபயர் வாங்கச் சொல்வார்.

கம்பி நீளம் கணக்கு தெரியும்தானே, 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுக்கவேண்டும், 3.65க்கு 39 மீற்றர். 15 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை 28 மீற்றருக்கு மேல் வராது, ஆகவே முனைகளை வளைத்துத்தான் கட்டியிருப்பீர்கள், அது பரவாயில்லை, மின்னோட்டம் அதிகம் இருப்பது நடுப்பகுதியில். முனைகளில் மின்னழுத்தம் கூட, பிள்ளைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கேபிள் மாற்றியதும் நடு அலைவரிசை சற்றுக் கீழே நகர்ந்திருந்தால், கம்பியின் இரு கையிலும் 10 சென்ரிமீற்றர் குறைக்க 18 கிலோஹேர்ட்ஸ் அளவு மேலே போகும். வெட்டாமல் மடித்துக் கட்டுங்கள்.

கோபுரம் என்றால் காசு மட்டும் இல்லை. சீனக்குடாவில் விமானத்தளம், துறைமுகத்தில் கடற்படை, இந்த ஊரில் 60 அடி இரும்பு நட்டுவிட்டு யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்க முடியுமா? அனுமதி எல்லாம் நான் எடுத்துத் தருகிறேன் என்று அந்த ஆள் சொல்லியிருப்பார், சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம். உரிமமும் கருவிகளை இறக்குமதி செய்கிற அனுமதியும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கையில், விண்ணப்பம் உங்கள் பெயரில், கையொப்பம் உங்களுடையது. இடையில் ஒருவருக்கு வேலையே இல்லை. இவர்களுக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது என்றால், ஒரு கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்காகிறது, ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசை என்கிறார்கள், அடுத்த மேசையில் ஆள் லீவு, திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறிப் போனால் "படிவம் மாறிவிட்டது" என்கிறார்கள். அலுத்துப்போகிறவன் காசைக் கொடுத்துவிடுகிறான். கொடுக்காதீர்கள், பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் திரும்பத் திரும்ப எழுதுங்கள்.

தெரு மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ, அறுந்தால் அதன்மேல் விழக்கூடிய இடத்திலோ அன்ரெனாக் கம்பி போகக்கூடாது, இதில் பேச்சே கிடையாது. சித்திரை மாதத்திலும் ஐப்பசி மாரி தொடங்கும்போதும் பின்னேரம் இடி முழங்குவதற்கு முன்னமே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். மாரிக்கு முன், புரட்டாதியில், அன்ரெனாவை இறக்கி இணைப்பைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றுவதை வழக்கமாக்குங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது, புயல் எச்சரிக்கை வந்தால் கம்பியை அவிழ்த்துக் கீழே வைப்பது அரை மணி வேலை, கோபுரத்தை அப்படி இறக்க முடியுமா?

ரியூனர் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்குள் வைக்கிற ரியூனர் ஒலிபரப்பியைச் சமாதானப்படுத்தும், நனைந்த கேபிளை உலர்த்தாது. புதுக் கேபிள் போட்டபின் 3.65இல் 1.3 வந்து, ஓரங்களில் பழையபடி 3க்கு ஏறினால் சந்தோஷப்படுங்கள், அங்கே பேச ஆசை வந்தால் உங்கள் கருவிக்குள்ளேயே ரியூனர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல கருவிகளில் இருக்கும், அந்த அளவுக்கு அதுவே போதும்.