அண்ணாச்சி, பாப்பாவ காஸ்ட் அக்கவுண்டிங்ல இருந்து இப்ப எடுத்துராதிய

அண்ணாச்சி, நேத்து கல்லிடைக்குறிச்சில இருந்து பாப்பாவயும் கூட்டிக்கிட்டு வந்து அவ்வளவு நேரம் காத்துக் கெடந்து பேசிட்டுப் போனிய, பின்னாலயே ரெண்டு குடும்பம் நின்னதால நான் அரைகுறையா பதில் சொல்லி அனுப்பிட்டேன், ராத்திரி பூரா மனசு கேக்கல, அதான் உக்காந்து முழுசா எழுதுதேன். பாப்பாகிட்டயும் மதினிகிட்டயும் வாசிச்சுக் காட்டுங்க.

பி.காம் ரெண்டாம் வருசம், மத்த பாடமெல்லாம் நல்லா வருது, காஸ்ட் அக்கவுண்டிங், அதான் அடக்க வெலைக் கணக்கு, அந்த இன்டர்னல்ல மட்டும் 25க்கு 7. "இவளுக்கு இது ஏறாதுன்னு காலேஜ்லயே சொல்லிட்டாவ, காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆவுத சி.எம்.ஏ. படிப்பு ஆசைய விட்டுட்டு பேங்க் பரீச்சை கோச்சிங்ல சேத்துரவா"ன்னு கேட்டிய. வேண்டாம் அண்ணாச்சி, இப்ப எடுத்துராதிய. ஏன்னு சொல்லுதேன்.

அவ விடைத்தாள நான் பாத்தேன்லா. ஒரு ப்ராசஸ் காஸ்டிங் கணக்கு, அதாவது சரக்கு கட்டம் கட்டமா உருவாவுதப்ப ஆவுத செலவப் போடுதது. 100 கிலோ சரக்கு உள்ள போவுது, மொத்தச் செலவு 19,250 ரூவா, வழக்கமா 5 கிலோ கழியும், அந்தக் கழிவு கிலோ 50 ரூவாய்க்கு விலை போவும், கடைசில கைக்கு வந்தது 88 கிலோ. பாப்பா 19,250அ 88ஆல வகுத்து கிலோ 218 ரூவா 75 காசுன்னு எழுதி வச்சிருக்கா. வகுத்ததுல ஒரு காசு பிசகல. ஃபார்முலா மறந்துபோச்சு, கைக்கு என்ன வந்துச்சோ அத வச்சு வகுத்துட்டா, முழு கணக்குக்கும் முட்ட.

நான் அவகிட்ட ஃபார்முலா கேக்கல, நீங்களும் பக்கத்துல இருந்து பாத்திய. "ஒங்க வீட்டுல அப்பளம் காயப் போட்டு அடுக்குதப்ப ஒடையுமா"ன்னு கேட்டேன். "ஒடையும் சார், நூத்துக்கு நாலு அஞ்சு எப்பவும் உள்ளதுதான், நொறுங்குனத தனியா கட்டி கம்மி வெலைக்குப் போட்டுருவோம்"னா. "சரி, கார்த்திகை மாசம் திடீர்னு மழை அடிச்சு முத்தத்துல காஞ்சது நனைஞ்சு போச்சுன்னா?" "அது நட்டம் சார்." "அந்த நட்டத்த மறுநா அப்பளத்து வெலைல ஏத்தி விப்பாரா ஒங்க அப்பா?" கொஞ்சம் யோசிச்சா, "ஏத்துனா எவன் வாங்குவான்"னா. அம்புட்டுதான் அண்ணாச்சி பாடம். எப்பவும் ஒடையுத 5 கிலோ நார்மல் லாஸ், அது தொழிலோட கூடப் பொறந்தது, அந்தச் செலவ நல்ல சரக்குதான் சுமக்கணும். நொறுங்குனத வித்த 250 ரூவாய மொத்தச் செலவுல கழிச்சா 19,000, அத 5 போக வரவேண்டிய 95ஆல வகுத்தா கிலோ சுளையா 200 ரூவா. 95 வரவேண்டிய எடத்துல 88தான் வந்துச்சு, மிச்சம் கொறஞ்ச 7 கிலோ இருக்குல்லா, அது மழை அடிச்ச நட்டம் மாதிரி, அப்நார்மல் லாஸ், 1,400 ரூவா, அந்த 7 கிலோவயும் கழிவா வித்தா வார 350அ கழிச்சுட்டு மிச்சம் 1,050 தனியா காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குப் போயிரும், அப்பளத்து வெலைல ஒட்டக் கூடாது. இத பாப்பா தானா சொல்லி தானா போட்டா, நான் பேனாவக்கூட தொடல. இந்தப் புள்ளைக்கா கணக்கு ஏறாது?

2023 டிசம்பர்ல தாமிரபரணில வெள்ளம் வந்துச்சே, அப்ப நம்ம பக்கம் எத்தன வீட்டுல எத்தன கடைல சரக்கு போச்சுன்னு ஒங்களுக்கே தெரியும். அந்த நட்டத்த அந்த வருசத்து அடக்க வெலைல போட்டுக் கொழப்பிக்கிட்டவுக, தொழிலே கட்டாதுன்னு நெனச்சு ஒதுங்குனவுக உண்டு. தொழில்ல கோளாறு இல்ல, வெள்ளத்துலதான் கோளாறுன்னு பிரிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணும். அந்த ஆளுதான் காஸ்ட் அக்கவுண்டன்ட்.

பி.காம், பி.பி.ஏ. புள்ளைங்க நெறைய பேரு இந்தப் பாடத்துல விழுததுக்குக் காரணம், வரி ஆபீசுக்கும் பேங்குக்கும் காட்டுத ஃபைனான்சியல் அக்கவுண்ட்ஸ் மாதிரியே இதயும் நெனச்சு டெபிட் கிரெடிட்னு மனப்பாடம் பண்ணுததுதான். இது உள்ளுக்குள்ள முதலாளிக்குச் சொல்லுத கணக்கு, ஒரு பொருளு செய்ய எவ்வளவு ஆவுது, எவ்வளவுக்குக் குடுத்தா கட்டும், எங்கன ஒழுகுதுன்னு சொல்லுதது. சரக்கு எப்படி நகருதுன்னு கண்ணால பாக்காத புள்ளைக்கு அது வெறும் ஃபார்முலாவாத்தான் தெரியும். பாப்பா பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கா, ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு அவகிட்ட யாரும் சொல்லல.

இப்ப நான் கேக்குதது ஒண்ணே ஒண்ணு. டியூஷன் தேடி அலையாம, ஒங்க கடைக் கணக்கு நோட்ட அவ கைல குடுங்க. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு யாவாரக் கணக்கு"ன்னு நேத்து நீங்க சிரிச்சிய பாருங்க, அது எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதிய. காசு குடுத்து வாங்குத கைடுல உள்ள கம்பெனியெல்லாம் கற்பனை, ஒங்க நோட்டுல உள்ளது நெசம்.

என்ன செய்யணும்னு ஒரு பேச்சுக்கு நம்பர் போட்டுச் சொல்லுதேன், ஒங்க நெசமான நம்பர அவ போடட்டும். அப்பளம் கிலோ 240க்கு விக்குதியன்னு வைங்க. உளுந்து மாவு 120, உப்பு காரம் பெருங்காயம் எண்ணெய் 15, தேய்க்குத பொம்பளைங்களுக்கு கிலோக் கூலி 35, கவரு 10, ஆக 180. செய்யச் செய்ய ஏறுத செலவு இது. மிச்சம் 60 ரூவா, அதுக்குப் பேரு காண்ட்ரிபியூஷன். எடத்து வாடகை, கணக்கெழுதுத பையன் சம்பளம், கரண்டு எல்லாம் மாசம் 24,000, செஞ்சாலும் செய்யாட்டாலும் போவுத காசு. 24,000அ 60ஆல வகுத்தா 400 கிலோ. மாசம் 400 கிலோ வித்தா கைக்காசு போவாது, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோவுக்கும் 60 ரூவா ஒங்களது. 600 கிலோ வித்தா 12,000 லாபம். இப்பப் பாருங்க, ஆடி மாசம் யாவாரம் படுத்துக் கெடக்கு, ஒரு ஓட்டல்காரரு வந்து 205 ரூவாய்க்கு 100 கிலோ கேக்காரு. நோட்டப் பாத்தா கிலோவுக்கு அடக்கம் 220 ஆவுது, 180ம், 24,000அ 600 கிலோவுக்குப் பங்கு போட்ட 40ம் சேத்து, கிலோவுக்கு 15 ரூவா நட்டம்னு சொல்லி நீங்க அனுப்பிருவிய. ஆனா வாடகையும் சம்பளமும் ஏற்கனவே 600 கிலோவுலயே தேறிட்டு, இந்த 100 கிலோவுக்கு புதுசா ஆவுதது 180தான், கிலோவுக்கு 25 வச்சு 2,500 ரூவா கூடுதலா வரும். கை சும்மா இருக்கணும், பழைய வாடிக்கைக்காரங்க இந்த வெலையக் கேட்டு வந்துரக் கூடாது, இந்த ரெண்டும் சரியா இருந்தா ஆர்டர எடுக்கலாம். மார்ஜினல் காஸ்டிங்னு பாப்பா புஸ்தகத்துல இருக்குல்லா, அது இதுதான், ஒங்க கடை வாசல்ல வாரா வாரம் நடக்குதது.

இன்னொண்ணு சொல்லியே ஆவணும். மதினி காலைல நாலு மணிக்கு எந்திச்சு மாவு பெசையுதாவ, வேலை செய்ய வாரவுக பூராப் பேருக்கும் கூலி நோட்டுல இருக்கு, மதினிக்கு இல்ல. முன்னறைய குடோனா வச்சிருக்கிய, சொந்த வீடுங்குததால வாடகை போடல. காசு வெளிய போவாட்டாலும் அதுவும் செலவுதான், அந்த அறைய வாடகைக்கு விட்டா காசு வந்திருக்கும்லா, மதினி வேற எடத்துல நின்னா சம்பளம் வந்திருக்கும்லா. நோஷனல் காஸ்ட்னு ரெண்டு வரில புஸ்தகத்துல போட்டுட்டுப் போயிருவாவ. நான் ஒவ்வொரு வருசமும் பசங்ககிட்ட இத நின்னு சொல்லுவேன், ஏன்னா நம்ம ஊருல பாதித் தொழிலு வீட்டுப் பொம்பளைங்களோட எழுதாத கூலிலதான் லாபம் காட்டுது. பாப்பா முதல்ல அந்த வரிய எழுதட்டும்.

இனி சி.எம்.ஏ. அந்த இன்ஸ்டிட்யூட்டு 1944ல தொடங்குனது, 1959ல தனிச் சட்டம் போட்டு நிக்குது, தலைமை ஆபீஸ் கொல்கத்தா. முன்ன ஐ.சி.டபிள்யூ.ஏ.ன்னு சொல்லுவோமே அதேதான். பிளஸ் டூ முடிச்சா ஃபவுண்டேஷன்ல சேரணும், டிகிரி முடிச்சவுக நேரா இன்டர்மீடியட். பாப்பா இனி ஃபவுண்டேஷனுக்கு அலைய வேண்டாம், பி.காம ஒழுங்கா முடிச்சுட்டு நேரா இன்டர் போலாம். இன்டர்ல ரெண்டு குரூப், எட்டு பேப்பர், ஃபைனல்லயும் எட்டு. வருசத்துக்கு ரெண்டு தடவ, ஜூன்லயும் டிசம்பர்லயும் பரீச்சை, ஜூனுக்கு ஜனவரி 31க்குள்ளயும் டிசம்பருக்கு ஜூலை 31க்குள்ளயும் பதியணும். 15 மாசம் ட்ரெய்னிங் உண்டு. சும்மா படிச்சு முடிக்குத படிப்பு இல்ல, மூணு நாலு வருசம் பிடிச்சு இழுக்கும், அத மறைக்க மாட்டேன்.

பாஸ் மார்க்குலதான் நம்ம புள்ளைங்க ஏமாறுதாவ. ஒவ்வொரு பேப்பர்லயும் 40 வேணும், அது போக குரூப் மொத்தத்துல 50 சதவீதம் வேணும். நான் மொத தடவ இன்டர் எழுதுனப்ப 43, 45, 52, 48 வாங்குனேன். நாலுலயும் 40க்கு மேல, மொத்தம் 188, வேண்டியது 200, பன்னெண்டு மார்க்குல குரூப்பே போச்சு. அன்னைக்கு ஜங்ஷன்ல பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குப் போக மனசில்லாம ஆத்துப் பாலத்துல ரொம்ப நேரம் நின்னேன். சேரும்போது முழுக் காசையும் வாங்குன கோச்சிங்ல 40 எடுத்தாப் போதும்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்திருந்தாவ. அதனாலதான் சொல்லுதேன், எங்க சேத்தாலும் ஒரே தடவைல மொத்தக் காசக் கட்டாதிய, ஒரு குரூப்புக்கு மட்டும் கட்டுங்க. புள்ளைக்கு 60, 65 குறி வச்சுப் படிக்கச் சொல்லுங்க.

வேலை கெடைக்குமான்னு மதினி போன்ல கேட்டாவ. 2013 கம்பெனிச் சட்டத்துல 148வது பிரிவு இருக்கு, குறிப்பிட்ட தொழில்ல இருக்க கம்பெனிக்கு வருச விற்றுவரவு 35 கோடிய எட்டுனா காஸ்ட் ரெக்கார்டு வச்சே ஆவணும், இன்னும் பெருசானா காஸ்ட் ஆடிட், அதுல கையெழுத்துப் போட ப்ராக்டீஸ் பண்ணுத காஸ்ட் அக்கவுண்டன்ட்டாலதான் முடியும். சிமெண்டு அந்தப் பட்டியல்ல உள்ளது, நம்ம தாழையூத்து ஆலை 1949ல இருந்து நிக்குது. கங்கைகொண்டான் சிப்காட்ல கம்பெனிங்க வந்துக்கிட்டு இருக்கு. அங்கயெல்லாம் ஒரு யூனிட் எவ்வளவுக்கு அடங்குதுன்னு சொல்ல ஆளு வேணும். சம்பளம் இவ்வளவுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், குடுக்குதவுகளயும் நம்பாதிய. சி.எம்.ஏ. முடிக்காட்டாக்கூட, எக்செல்ல பிவட் டேபிளும் டேலில காஸ்ட் சென்டரும் போடத் தெரிஞ்ச பி.காம் புள்ளைய மில்லுல, ஏஜென்சில ஸ்டோர் கணக்குக்கு எடுப்பாவ, அத விடுமுறைல பழகிரலாம்.

பேங்க் பரீச்சை கெட்டதில்ல. அவளுக்கே ஆசைன்னா எழுதட்டும். ஆனா ஒரு இன்டர்னல் மார்க்கப் பாத்துப் பயந்து ஓடுத வழியா அத ஆக்கிராதிய, அங்கயும் ஒரு தடவ தோத்தா பொறவு எங்க ஓடுதது?

செமஸ்டருக்கு ரெண்டு மாசம் இருக்கு, வேணுங்குத அளவு காலம்தான். வார சனிக்கெழம பதினோரு மணிக்கு பாப்பாவ அனுப்பி வைங்க, தனியாவே வரட்டும், பஸ் அவளுக்குத் தெரியும். கைடு எதுவும் கொண்டு வர வேண்டாம். போன கார்த்திகை மாசத்து நோட்டும், மதினி அந்த மாசம் எத்தன நாள் நாலு மணிக்கு எந்திச்சாவன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதியும் கொண்டு வரட்டும்.