யூட்டா பாலைவனத்தில் ஒரு கோடை: மகளை அனுப்பலாமா?

அம்மா, நீங்கள் நீளமாக எழுதியிருந்தாலும் கேள்வி ஒன்றுதான். சுற்றுச்சூழல் என்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண், கோடை முழுக்க தெற்கு யூட்டா பாலைவனத்தில் போய் ஏன் மண் வெட்ட வேண்டும்? அனுப்புங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, அதை அப்புறம் விரிவாகப் பேசுகிறேன்.

முதலில் வேலை. உங்கள் மகள் சேர நினைக்கும் கன்சர்வேஷன் கோர் என்பது, இளைஞர்களைக் குழுவாகச் சேர்த்து இயற்கை நிலங்களைப் பராமரிக்கும் அமைப்பு. இந்தக் குழுக்களில் பெரும்பாலும் எட்டு, ஒன்பது நாள் வெளியில் கூடாரம் போட்டுத் தங்கி வேலை, பிறகு நாலைந்து நாள் ஓய்வு. எஸ்கலான்டே ஆற்றுப் பக்கம் ரஷ்யன் ஆலிவ் என்ற முள்மரம் கரையெல்லாம் மண்டிக் கிடந்தது, நம் ஊர் சீமைக்கருவேலம் மாதிரி வெளியிலிருந்து வந்து ஊர்க்காரச் செடிகளை ஓரங்கட்டிய மரம். அதை வெட்டி, அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவி, மறுபடி துளிர்க்கிறதா என்று கண்காணிப்பது இந்தக் குழுக்கள் வருடக்கணக்காகச் செய்துவரும் வேலை. மலைப்பாதை சீரமைப்பு என்றால் கல் அடுக்கிப் படி கட்டுவது, மழைத்தண்ணீர் பாதையை அரிக்காமல் வடிகால் வெட்டுவது. மனிதக் கை படாமல் விட வேண்டிய இயற்கைப் பகுதிகளைக் காக்கும் 1964-ஆம் ஆண்டு ‘வில்டர்னஸ்’ சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் பொதுவாக மோட்டார் கருவிகளுக்குத் தடை, அதனால் விழுந்து கிடக்கும் மரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துக் கை ரம்பத்தால் அறுப்பார்கள். மண் அரிப்பு, நீரோட்டம், களைத்தாவரம் எல்லாம் உங்கள் மகளுக்குப் பாடத்தில் வருபவைதானே. அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தவளுக்கும் ஸ்லைடில் மட்டும் பார்த்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சரி, பயம். பாம்பும் தேளும்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கின்றன. நான் அதிகம் கவலைப்படுவது வெயிலுக்கும் திடீர் வெள்ளத்துக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். தலைக்கு மேல் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே, பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகலான பாறைப் பள்ளத்தாக்கு வழியாகச் சேறும் மரமுமாக வந்து அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலுக்குத் தண்ணீர் குடித்தால் போதும் என்று நினைப்பார்கள். உப்பு சேராமல் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும். வேர்க்கடலை, மிக்சர், ஊறுகாய் எதுவானாலும் பையில் இருக்கட்டும்.

ஆகவே அவள் அந்த அமைப்பிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஜூலையில் ஆற்றுப்பள்ளத்தில் வேலையா, பத்தாயிரம் அடிக்கு மேலே போல்டர் மலைப் பக்கமா? விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் வேலையை நிறுத்துவார்களா? குழுத்தலைவருக்கு வனப்பகுதி முதலுதவிப் பயிற்சி உண்டா, கையில் சாட்டிலைட் மெசேஜ் கருவி உண்டா, ஒருவருக்கு அடிபட்டால் வெளியே கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும்? இதற்குத் தெளிவாகப் பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும்.

நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கும் சொல்கிறேன். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதைக் கணக்குக்கு மேலேயே எடுத்துப் போகட்டும். பயன்படுத்தியதைப் புதைக்கக் கூடாது, உறையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், குழுவில் எல்லாரும் இதைச் சாதாரணமாகத்தான் பேசுவார்கள். சமையல் பொதுவில்தான். பீன்ஸும் சோறும் அடிக்கடி இருக்கும், சைவம் பிரச்சினை இல்லை. சாம்பார் பொடி கொடுத்துவிடுங்கள், குழுவே கேட்டு வாங்கும்.

வேலைவாய்ப்புப் பக்கம் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பப்ளிக் லேண்ட்ஸ் கோர் என்ற, அரசு நிலங்களில் இளைஞர்களை வேலையில் ஈடுபடுத்தும் கூட்டாட்சித் திட்டத்தின் கீழ் 640 மணி நேரம் தகுதியான வேலை செய்து முடித்தால், கூட்டாட்சி நில நிர்வாகத் துறைகளின் சில பணிகளுக்குப் பொதுப் போட்டி இல்லாமல் விண்ணப்பிக்க இரண்டு வருடத்துக்குத் தகுதி கிடைக்கும். ஒரு கோடையில் அத்தனை மணி நேரம் சேருமா, அவளுடைய இடம் அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். இதை நம்பி அரசு வேலை உறுதி என்று நினைக்க வேண்டாம். 2025-இல் அந்தத் துறைகளில் ஆட்குறைப்பு நடந்தது, இப்படிப்பட்ட குழுக்கள் பலவற்றுக்குப் பணம் தரும் அமெரிகோர் என்ற கூட்டாட்சிச் சேவை அமைப்பின் மானியங்களும் ஏராளமாக ரத்தாயின. அதனால் இந்தக் கோடைக்கு நிதி உறுதியாகிவிட்டதா என்றும் கேட்க வேண்டும். மூன்றாம் வருடக் கோடை என்றால் கம்பெனி இன்டர்ன்ஷிப்பை விடாதே என்றிருப்பேன், அதிலிருந்துதான் பலருக்கு வேலை வருகிறது. இரண்டாம் வருடத்தில் அந்த நெருக்கடி இல்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்திருக்கும் உங்கள் தங்கை மகனும் கூடப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிகோர் இடங்கள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். வேறு இடம் கிடைத்தாலும், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல், சிபிடி (படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி) போன்ற அனுமதி இல்லாமல் வெளியில் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. விசாவே போய்விடும்.

இந்த வாரமே பூட்ஸ் வாங்கி, மூட்டையைத் தோளில் போட்டுத் தினமும் நடக்கட்டும். புது பூட்ஸோடு போய் முதல் வாரமே கால் கொப்புளித்தால் வேலை ஓடாது. மேலே சொன்ன கேள்விகளை அவளே போன் செய்து கேட்கட்டும், நீங்கள் கூப்பிடாதீர்கள். கேட்டுவிட்டு வந்து என்ன பதில் சொன்னார்கள் என்று உங்களிடம் சொல்லட்டும், அதற்கப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்.