18ஆம் நூற்றாண்டின் விலங்கு ஓவியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த குதிரைகளில் மட்டும் எப்படி அவ்வளவு உயிர்?

பதில்: தோலுக்கு அடியில் இருப்பதை அவர் அறிந்திருந்தார். 1756 வாக்கில் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூருக்குப் போய், ஏறத்தாழ 18 மாதம் குதிரைகளை அறுத்துப் பார்த்தார். இரத்தத்தை வடித்துவிட்டு நாளங்களில் உருக்கிய கொழுப்பை ஏற்றுவார். நிற்கும் நிலையிலேயே உடலை இரும்புக் கொக்கிகளில் தொங்கவிட்டு, தோல், அதன்கீழ் ஒரு தசை, அதற்கும் கீழ் இன்னொன்று என்று உரித்து உரித்து வரைந்தார். ஒரு குதிரை 11 வாரம் வரை தொங்கியதுண்டு. அந்த நாற்றத்தில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய வாழ்க்கைத்துணை மேரி ஸ்பென்சர். செப்புத்தகட்டில் வெட்டித்தர ஆள் அமையாததால் தானே வெட்டி 1766இல் நூலாக்கினார். அவர் வரைந்த 'விசில்ஜாக்கெட்' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் நிலமும் இல்லை, வானமும் இல்லை. குதிரை ஒன்றே நிற்கிறது. எனக்கு அது போதும்.

கேள்வி: அவருடைய கங்காரு மட்டும் ஏன் எலி போல இருக்கிறது?

பதில்: உயிருள்ள கங்காருவை அவர் பார்க்கவில்லை. இயற்கை ஆய்வாளர் ஜோசப் பாங்க்ஸ் கொண்டுவந்த தோலைப் புடைக்கவைத்து 1772இல் வரைந்தார். எந்த ஓவியமானாலும் விலங்கைப் பார்த்தாரா, தோலைப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மானிய ஓவியர் டூரரின் காண்டாமிருகத்துக்குத் தோளில் இன்னொரு கொம்பு ஏன்?

பதில்: அது 1515. அவரும் விலங்கைப் பார்க்கவில்லை. 1749இல் பிரெஞ்சு ஓவியர் ஊத்ரி, கிளாரா என்ற இந்தியக் காண்டாமிருகத்தைப் பாரிசில் நேரில் பார்த்து, அதன் முழு அளவிலேயே வரைந்தார். தோள்கொம்பு போய்விட்டது.

கேள்வி: மெட்ராஸ் கவர்னர் இங்கிலாந்துக்குச் சிறுத்தை கொடுத்தாராமே?

பதில்: சிறுத்தை அல்ல, சிவிங்கிப்புலி (சீட்டா). ஜார்ஜ் பிகட், மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கொடுத்தது. அதையும் இரண்டு இந்தியப் பணியாளர்களையும் ஒரு மானோடு சேர்த்து ஸ்டப்ஸ் வரைந்தார்.

கேள்வி: எங்கள் ஊரில் சிறுத்தை என்றுதான் சொல்வோம். இரண்டுக்கும் புள்ளிதானே?

பதில்: ஒரே புள்ளி அல்ல. சிறுத்தைக்குப் பூப்போன்ற வளையம். சிவிங்கிக்கு மையைத் தொட்டு விரலால் ஒற்றியது போன்ற நிறைபுள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு. ஓவியத்தில் அதன் தலையிலுள்ள சிவப்பு முகமூடியைப் பாருங்கள். மான் தென்படும்வரை கண்ணை மூடிவைத்து, பிறகு விலக்கி ஏவுவார்கள். வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிக்கு உரிய முறை அது.

கேள்வி: 'வேட்டைச் சிறுத்தை' என்றும் புத்தகங்களில் இருக்கிறதே, ஐயா?

பதில்: முழுதாகச் சொன்னால் ஏற்கிறேன். முன்பாதியை விட்டுவிட்டால் அது வேறு விலங்கு. நம் நாட்டில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்ட உயிர் இது. அதன் பெயரையும் தொலைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கங்காருவின் முகம் ஏன் சரியாக அமையவில்லை?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். தோல்.

கேள்வி: தாத்தா வீட்டில் பழைய குதிரைப் படம் ஒன்று இருக்கிறது. அசலா?

பதில்: கைப்பேசிப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அருங்காட்சியகத்தில் ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் நேரில் காட்டுங்கள். அதுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

கேள்வி: அந்தச் சிறுத்தை ஓவியத்தை எங்கே பார்க்கலாம்?

பதில்: சிவிங்கிப்புலி. மான்செஸ்டர் கலைக்கூடத்தில்.