குக்கர் விசில் என்றால் அழுகிறான்

கேள்வி: என் 6 வயது மகனுக்கு ஆட்டிசம். குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: செல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தங்கச்சி. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சத்தம் நிஜமாகவே வலிக்கும். என் மகளும் இப்படித்தான் இருந்தாள். அடுப்பை மூட்டும் முன் சிலேட்டில் மூன்று கோடு போட்டு அவள் கையில் கொடுப்பேன். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கோட்டை எச்சில் தொட்டு அழிப்பாள். எப்போது முடியும் என்று தெரிந்ததும் பயம் பாதியானது. அப்புறம், “கேஸை நிறுத்து” என்று அவளே வந்து சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்கவே நான் சாதம் வைத்த நாட்கள் உண்டு!

காதை மூடும் ஹெட்போனும் உதவும். அழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மகனுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சென்னைப் பக்கம் வந்தால், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, பாருங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். சிலேட்டில் கோடு போடும் வேலையை அவரிடமே கொடுங்கள்.