எபிரேய எழுத்தும் உயிர்க்குறியும்: வாசகர் கேள்வி பதில்

எபிரேயம் வாசிக்கத் தொடங்கியவர்களிடமிருந்து வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். எழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பதில்கள் தெளிவாக விளங்கும்.

ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சங்கீதம் 119இல் வரும் ஆலெப், பேத், கிமெல் என்ற தலைப்புகளைப் பிள்ளைகள் கேட்டதால் எபிரேய எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். வரிசையாக 22ஐயும் பாடமாக்கிவிட்டேன். ஆனால் ஒரு சொல்லைக் கண்டால் எல்லா எழுத்தும் ஒன்றுபோலத் தெரிகின்றன. என்ன செய்யலாம்? — வாசகி, பரந்தன்

வரிசையைப் பாடமாக்குவது வேறு, எழுத்தை அடையாளம் காண்பது வேறு. அந்தச் சங்கீதத்தில் எழுத்துக்கு 8 வசனமாக 22 பகுதி, மொத்தம் 176 வசனம். பகுதி ஒன்றின் எட்டு வசனங்களும் மூலத்தில் அதே எழுத்தில் தொடங்குகின்றன. எனவே வரிசை தெரிந்திருப்பது வீண் அல்ல. வாசிக்கப் பழகுவதற்கு மட்டும் அந்த வரிசையை விட்டுவிடுங்கள்.

முதலில் ஆலெப், பேத், டாலெத், லாமெட், மேம், ஷின். மேம் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் எடுக்கும். அதையும் சேர்த்தே பழகுங்கள். இந்த ஆறோடு ‘ஆதாம்’ என்ற பெயரை வாசித்துவிடலாம். அடுத்து ஹே, வாவ், யோத், நூன், தாவ். இப்போது ‘தாவீது’ம் ‘ஆமென்’னும் கைக்கு வரும். மூன்றாவது கூட்டம் ரேஷ், காப், ஹேத், சாயின், சாமெக், கிமெல். இவை ஒவ்வொன்றும் முன்பு படித்த ஏதோ ஓர் எழுத்தின் சாயல் உள்ளவை; வேண்டுமென்றே பிந்தி வைத்திருக்கிறோம். ஒத்த இரண்டை ஒரே நாளில் படித்தால் இரண்டும் குழம்பும். ஒன்று உறுதியான பிறகு மற்றதை வித்தியாசத்தோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். கடைசியாகத் தேத், ஆயின், பே, த்சாதே, கோப்.

வித்தியாசம் எப்போதும் ஒரு மூலையில்தான் இருக்கும். டாலெத்தின் வலது மேல்மூலை கூராக வெட்டி, சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரேஷில் அதே மூலை வளைந்து இறங்கும். பேத்தின் அடிக்கோடு வலப்பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், காப்பில் தள்ளாது. ஹேயின் இடது கால் கூரையைத் தொடாது, ஹேத்தில் தொடும். தாவிலும் தொடும், ஆனால் பாதம் இடப்பக்கம் வெளியே திரும்பியிருக்கும். வாவின் தலை ஒரு பக்கம்தான் நீளும், சாயினுக்கு இரு பக்கமும். சாமெக்கின் அடி உருண்டை, இறுதி மேமின் அடி சதுரம்.

டாலெத்தும் ரேஷும் மாறுவது பழைய படியெடுப்பாளர்களையும் கவலைப்படுத்திய விடயம். உபாகமம் 6:4இல் ‘ஒருவர்’ என்று பொருள்படும் ‘எஹாத்’ டாலெத்தில் முடிகிறது. யாத்திராகமம் 34:14இல் ‘வேறு’ என்ற ‘அஹேர்’ ரேஷில் முடிகிறது. மற்ற இரண்டு எழுத்தும் ஒன்றே. ஓர் மூலை மாறினால் ‘கர்த்தர் ஒருவரே’ என்பது வேறொரு தெய்வமாகிவிடும். அதனால்தான் மரபுப் பிரதிகளில் அந்த டாலெத்தையும் அந்த ரேஷையும் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கி, இரண்டு கட்ட உயரத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதுங்கள். எழுத்து மேற்கோட்டிலிருந்து தொங்க வேண்டும். கீழ்க்கோட்டில் உட்காரவைத்தால் அளவு பிழைக்கும். யோத் மேல் பாதியிலேயே நின்றுவிடும். லாமெட்டின் கழுத்து மட்டும் மேற்கோட்டைத் தாண்டும். கோப்பும், காப், நூன், பே, த்சாதே ஆகியவற்றின் இறுதி வடிவங்களும் கீழ்க்கோட்டைத் தாண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் எபிரேயத்தில் இல்லை. இறுதி வடிவம் மாறுவதும் இந்த நான்கோடு மேமும் சேர்ந்த ஐந்துக்கு மட்டும்தான்.

போட்டோக் கொப்பி எடுத்த பயிற்சித் தாளில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கெதியாக வாசிக்க முடிகிறது. இப்படியே தொடரலாமா? — வாசகர், மாங்குளம்

வேண்டாம். கெதியாக வாசிப்பது தமிழைத்தான். கண் மேல்வரியிலேயே ஓடும்; கீழே உள்ள எழுத்தை அது பார்ப்பதே இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒலியில். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். அது இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். எபிரேயத்தில் வயிற்றுக்குள் புள்ளியுள்ள பேத் தொண்டை அதிரும் ஒலி, புள்ளியுள்ள பே அதிராத ஒலி. மகள் என்ற சொல்லும் அப்பத்துண்டு என்ற சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பத்’. காத் கோத்திரத்தின் பெயரும், கிணற்றடியில் ரெபேக்காள் தோளில் சுமந்து வந்த குடமும் இரண்டும் ‘கத்’. கிமெல், காப், கோப் மூன்றும் ‘க’வுக்குள் போய்விடும், டாலெத், தேத், தாவ் மூன்றும் ‘த’வுக்குள். உயிர் ஒலிகளுக்கு நடுவில் வல்லினத்தை மெலிதாக்கும் நம் நாப்பழக்கமும் கூடவே வந்துவிடும்.

சிங்களம் வாசிக்கத் தெரிந்தால் அந்த அறிவை இங்கே பாவியுங்கள். அதில் இந்த இணைகளுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால் காது ஏற்கெனவே பழகியிருக்கும். தெரியாவிட்டால் குரல்வளையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். கிமெலுக்கும் டாலெத்துக்கும் அதிர வேண்டும். காப்புக்கும் தாவுக்கும் அதிரக் கூடாது. தாளில் உள்ள தமிழை வெள்ளை மையால் மறைத்துவிட்டு, அதிரும் எழுத்துகளுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு இடுங்கள். சில நாட்களுக்கு வேகம் குறையும். குறையட்டும்.

குர்ஆன் ஓதத் தெரியும். எபிரேயம் அரபுக்கு எவ்வளவு கிட்ட? — வாசகர், சிலாவத்துறை

நல்ல கிட்ட. வலமிருந்து இடம் போவது, மெய்யை எழுதி உயிரைக் குறியாக மேலும் கீழும் இடுவது, ஒலியில்லாத மெய்க்கு ஒரு குறி, இரட்டிப்புக்கு ஒரு குறி எல்லாம் உங்களுக்குப் பழக்கம். அலிஃப்–ஆலெப், பா–பேத், லாம்–லாமெட், மீம்–மேம், நூன்–நூன், ஐன்–ஆயின் என்று பெயர்களும் உறவாகவே வரும். ஒலியில்லாத மெய்யைக் காட்டும் சுகூனின் வேலையைப் பெரும்பாலும் ஷ்வா என்ற குறி செய்யும், இரட்டிப்பைக் காட்டும் ஷத்தின் வேலையை எழுத்தின் வயிற்றுக்குள் வரும் தாகேஷ் புள்ளி.

மாறுவது இரண்டு. எபிரேய அச்செழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. இறுதி வடிவம் உள்ள ஐந்தைத் தவிர எந்த எழுத்தும் இடத்துக்கு ஏற்ப மாறாது. அடுத்தது உச்சரிப்பு. ஐனை நீங்கள் தொண்டையின் அடியிலிருந்து எடுப்பீர்கள். இன்றைய இஸ்ரேலியர் பலர் ஆயினை ஒலிப்பதே இல்லை. ஹேத்தை உங்கள் ‘ஹா’ போலன்றி ‘ஃகா’ போல உரசிச் சொல்வார்கள். யேமனிய யூதர்களின் வாசிப்பில் பழைய தொண்டை ஒலிகள் நிற்கின்றன. அது உங்கள் காதுக்கு நெருக்கமாக இருக்கும்.

எழுத்துகள் பிடிபட்டுவிட்டன. புள்ளிகள்தான் குழப்பம். மேலே, கீழே, வயிற்றுக்குள் என்று எங்கும் புள்ளி. எதை முதலில் வாசிப்பது? — வாசகி, முல்லைத்தீவு

வாசிக்கும் முறை நீங்கள் சிறுவயதில் படித்த உயிர்மெய்தான். மெய்யையும் அதன் குறியையும் ஒரே ஒலியாக எடுங்கள். ‘பேத், காமெட்ஸ், பா’ என்று பெயர் சொல்லிச் சொல்லி வாசிக்காதீர்கள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் முதல் நாளே மனதில் இருத்துங்கள். தமிழில் வெறும் ‘க’வுக்குள் அகரம் இருக்கிறது, அதை நீக்கத்தான் புள்ளி. எபிரேயத்தில் குறியில்லாத எழுத்துக்கு உயிரே இல்லை. சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் வெறுமையாக நிற்கும். அங்கே நம் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்க்கப் பார்க்கும். ‘தாவித்’ தமிழில் ‘தாவீது’ ஆனது அப்படித்தான். எபிரேயத்தை வாசிக்கும்போது மெய்யோடு நிறுத்துங்கள்.

எழுத்துக்குக் கீழே கிடைக்கோடு பத்தாஹ், அதே கோட்டின் நடுவிலிருந்து சிறு வால் இறங்கினால் காமெட்ஸ், இரண்டும் ‘அ’. பக்கத்துப் பக்கத்தில் இரு புள்ளி சேரே, முனை கீழ்நோக்கிய முக்கோணமாக மூன்று புள்ளி செகோல், இரண்டும் ‘எ’. ஒரு புள்ளி ஹிரிக், ‘இ’. சரிவாக மூன்று புள்ளி குபுட்ஸ், ‘உ’. வாவின் வயிற்றில் புள்ளி வந்தாலும் ‘உ’, அதன் பெயர் ஷுருக். இடது மேல்பக்கத்திலோ வாவின் தலையிலோ ஒரு புள்ளி ஹோலம், ‘ஓ’. குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு நிம்மதி: இன்றைய உச்சரிப்பில் நீளம் பொருளை மாற்றுவதில்லை.

வயிற்றுக்குள் இருக்கும் புள்ளி தாகேஷ். இன்றைய வாசிப்பில் அது ஒலியை மாற்றுவது மூன்று எழுத்தில்தான்: பேத், காப், பே. புள்ளி இல்லாவிட்டால் பேத் ‘வ’ ஆகும், காப் தொண்டையில் உரசும், பே ‘ஃப’ ஆகும். ஷின்னுக்கு மேலே வலப்புறம் புள்ளி இருந்தால் ‘ஷ’, இடப்புறம் இருந்தால் ‘ஸ’.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் 7 சொல், 28 எழுத்து. முதற்சொல்லை வலமிருந்து எடுங்கள். பேத்: வயிற்றில் புள்ளி, கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரு புள்ளி, அதாவது ஷ்வா. சொல்லின் தொடக்கத்தில் வருவதால் அதற்கு மெல்லிய எகரம்: ‘பெ’. ரேஷின் கீழ் சேரே: ‘ரே’. அடுத்த ஆலெப்பில் குறியில்லை, மௌனம். ஷின்னுக்கு வலப்புள்ளி, கீழே ஹிரிக்: ‘ஷி’. பின்னால் வரும் யோத் அந்த இகரத்தோடு கரைந்துவிடும். கடைசியில் வெறும் தாவ்: ‘த்’. பெ-ரே-ஷித். இங்கே வேறு வழியில்லாமல் தமிழில் எழுதினோம். முதல் ஒலி தொண்டை அதிரும் ‘ப’ என்பதை மறக்க வேண்டாம்.

ஷ்வாவுக்குத் தொடக்கநிலை விதி இது: சொல்லின் தொடக்கத்தில் மெல்லிய எகரம், நடுவில் பெரும்பாலும் மௌனம். நடுவில் இரண்டு ஷ்வா அடுத்தடுத்து வந்தால் முதலாவது மௌனம், இரண்டாவதுக்கு ஒலி.

எல்லோரும் இடறும் இடங்கள் நான்கு. ‘நோவா’ என்ற பெயரின் கடைசியில் ஹேத்தின் கீழ் பத்தாஹ் இருக்கும். அதை ‘நோஹ’ என்று வாசிப்பது பிழை. அந்த அகரம் ஹேத்துக்கு முன்னால் வரும்: ‘நோ-அஹ்’. சொல்லின் கடைசியில் ஹேத், ஆயின், வயிற்றில் புள்ளியுள்ள ஹே ஆகிய மூன்றுக்கும் இதே விதி. அடுத்து ‘மோசே’: மேமுக்கு உரிய ஹோலம் புள்ளியும் ஷின்னின் வலப்புள்ளியும் ஒரே இடத்தில் விழுவதால் பல அச்சுகளில் ஒரு புள்ளியே இருக்கும். அது இரண்டு வேலையும் செய்கிறது. மூன்றாவது காமெட்ஸ்: ‘எல்லா’ என்று பொருள்படும் சிறு சொல்லில் வால் உள்ள கோடு இருந்தாலும் ‘கோல்’ என்றே வாசிக்க வேண்டும். அழுத்தமில்லாத, மெய்யில் முடியும் அசையில் காமெட்ஸ் வந்தால் ‘ஓ’ என்று எதிர்பாருங்கள். நான்காவது, வயிற்றில் புள்ளியுள்ள வாவ். அதற்கு முன் உயிரொலி ஒன்று இருந்து, அதன் கீழும் உயிர்க்குறி இருந்தால் அது ‘உ’ அல்ல, இரட்டித்த வகரம்.

உயிர்க்குறிகள் முதலில் இல்லையாமே? பிறகு எப்படி வாசித்தார்கள்? — வாசகர், புதுக்குடியிருப்பு

கேட்டுப் பழகிய மொழியைத்தான் வாசித்தார்கள். நம் ஏட்டுச் சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகாரம் பிரித்து எழுதப்பட்டிராது. மொழி தெரிந்தவர் இடம் பார்த்து வாசித்தார். 1947இல் தொடங்கிச் சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய வேதச் சுருள்களில் உயிர்ப்புள்ளி இல்லை. நாம் இன்று படிக்கும் குறிமுறையைக் கலிலேயாக் கடலோரத்துத் திபேரியாவின் மசோரெத்து அறிஞர்கள், அதாவது வேதபாடத்தை மரபு வழுவாமல் காத்துவந்த யூத அறிஞர்கள், ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் உருவாக்கினார்கள். மெய்யெழுத்தில் கைவைக்காமல் சுற்றிலும் மட்டும் இட்டதால்தான் புள்ளிகள் இப்படி மேலும் கீழும் சிதறியிருக்கின்றன.

‘யெகோவா’ என்ற பெயரைப் புள்ளி பார்த்து வாசித்தால் சரியா? — வாசகர், மல்லாவி

இல்லை. யோத், ஹே, வாவ், ஹே என்ற அந்த நான்கு எழுத்தின் மேல் இட்ட குறிகள் ‘அதோனாய்’ என்ற சொல்லுக்கு உரியவை. அப்படி வாசி என்று வாசிப்பவருக்கு நினைவூட்ட இட்டவை. ஒரு சொல்லின் மெய்யையும் இன்னொன்றின் உயிரையும் சேர்த்ததில் வந்ததுதான் ‘யெகோவா’. யூதர்கள் அந்த இடத்தில் ‘அதோனாய்’ என்பார்கள். தமிழில் ‘கர்த்தர்’, ‘ஆண்டவர்’ என்று வருவது அந்த வழக்கத்தையொட்டியே.

முதியோர் பராமரிப்பு வேலைக்கு இஸ்ரேல் போக இருக்கிறேன். அங்கே புள்ளி இல்லாமல்தான் எழுதுவார்களாம். அப்படியென்றால் உயிர்க்குறி எதற்கு? — வாசகி, வவுனியா

பத்திரிகை, மருந்துப் பெட்டி, கடைப் பலகை எதிலும் புள்ளி இராது என்பது உண்மை. சிறுவர் நூல், கவிதை, செபநூல் ஆகியவற்றில் இருக்கும். ஆனாலும் புள்ளியோடு தொடங்குங்கள். சொல்லைச் சரியாக ஒரு முறையேனும் வாயால் சொன்னால்தான் புள்ளியில்லாமல் காணும்போது அது நினைவுக்கு வரும். புள்ளியில்லா எழுத்தில் உதவிக்கு வாவும் யோத்தும் அதிகமாகச் சேர்ப்பார்கள்; சொல்லின் நடுவில் வகர மெய்யைக் காட்ட வாவை இரண்டாக எழுதுவார்கள். கிமெலுக்குப் பக்கத்தில் மேலே சிறு கீறு இருந்தால் அது ‘ஜ’.

நீங்கள் பார்க்கும் முதல் பலகைகளில் ஒன்று கிளினிக் நேரமாக இருக்கும். கிழமைகளை எழுத்தால் குறிப்பார்கள்: ஆலெப் ஞாயிறு, பேத் திங்கள், இப்படியே வாவ் வெள்ளி. ‘ஆலெப் – ஹே’ என்றால் ஞாயிறு முதல் வியாழன் வரை. எண்கள் மட்டும் நம்மைப்போல இடமிருந்து வலமாக ஓடும். நேரத்தையும் மருந்தின் அளவையும் அப்படியே வாசியுங்கள். வீட்டுக்காரர் கையால் எழுதித் தரும் சாமான் பட்டியலை அச்செழுத்து தெரிந்தவரால் வாசிக்க முடியாது. கையெழுத்து வடிவம் வேறு. போவதற்கு முன் அந்த அட்டவணையையும் ஒரு தடவை எழுதிப் பழகிவிடுங்கள்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. போனில் பார்த்தால் புள்ளிகள் தெரிவதில்லை. — வாசகர், கிளிநொச்சி

அது உங்கள் கண்ணின் குறை மட்டுமல்ல. வேதாகமப் பதிப்புகளில் உயிர்க்குறியோடு, இராகத்தோடு ஓதுவதற்கு இட்ட ஓதுதற் குறிகளும் நெருக்கமாக வரும். தொடக்கத்தில் யாருக்கும் பிரித்துப் பார்க்க முடியாது. உயிர்க்குறி மட்டும் உள்ள பாடத்தைத் தேடி எடுங்கள். அதை அச்சிட்டு, ஏ4 தாளை ஏ3க்கு, அதாவது 141 சதவீதம், பெருப்பித்துப் பிரதி எடுத்தால் சேரேயையும் ஹிரிக்கையும் பிரித்தறியலாம். வரிக்குக் கீழே மட்டை ஒன்றை வைத்து வாசியுங்கள். வரிக்கு மேலே வைத்தால் ஹோலம் மறைந்துவிடும். அதிகாரம் அதிகாரமாக வாசித்த ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் நல்லாக உள்ள நேரத்தில் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, நாளுக்கு இருபது நிமிடம், ஒரே வசனத்தை முதலில் நீங்களாக வாசித்து, அதன் பிறகு கேளுங்கள். முதலிலேயே கேட்டால் காது மனப்பாடம் செய்துவிடும், கண் வேலை செய்யாது.