அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த ரன்னிங் பேக் யார்? பாதியில் ஓடிப்போன பாரி சாண்டர்ஸை அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

காலை ஆறு மணிக்கு அலுவலக அழைப்பு இருக்கிறது. இப்போது இரவு பதினொன்றரை. தூங்கப் போகாமல் இதைத் தட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உங்கள் கேள்வியில் இருக்கும் ‘ஓடிப்போன’ என்ற அந்த ஒரு சொல்தான். 1999இல் பாரி திடீரென்று ஓய்வை அறிவித்தபோது இதே சொல்லை என் பழைய அறைத்தோழன் என்னிடம் சொன்னான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

நீங்கள் அமெரிக்கா வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், வேலை செய்யும் இடத்தில் ஒரு டல்லாஸ் அணி ரசிகரிடம் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் டல்லாஸின் எம்மிட் ஸ்மித் மொத்தமாக ஓடிச் சேர்த்த 18,355 யார்டைத் (யார்டு என்பது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு) தூக்கி மேசையில் வைத்து, பேச்சு முடிந்தது என்று போயிருப்பார். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்த்தால் ஜிம் பிரவுன். என்னைக் கேட்டால் டெட்ராய்ட் லயன்ஸின் பாரி சாண்டர்ஸ். இரண்டு பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று யாராவது கீழே எழுதுவார்கள், எழுதட்டும்.

ஆட்டம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரன்னிங் பேக் என்பவர், தன் அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் பதினொரு பேரை மீறி முன்னால் ஓட வேண்டும். நம் சடுகுடுவில் பாடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர முடியாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிடிப்பவர்களில் பலர் நூறு கிலோவுக்கு மேல் இருப்பார்கள். நம் அணியின் லைன்மேன்கள் முன்னால் மோதி இடைவெளி உண்டாக்கித் தருவார்கள். தந்தால் ஓடலாம். தராவிட்டால் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

இப்போது எம்மிட். 15 வருடம், 4,409 தடவை பந்தைத் தூக்கி ஓடினார். 164 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது), மூன்று முறை லீகின் சாம்பியன் கோப்பையான சூப்பர் பவுல். பாரி 10 வருடம், 3,062 தடவை, 15,269 யார்டு. தடவைக்குச் சராசரி எம்மிட்டுக்கு 4.2, பாரிக்கு 5.0. சச்சின் டெஸ்டில் 15,921 ரன் எடுத்தார், அதை யாரும் இன்னும் தாண்டவில்லை. அதற்காகப் பிராட்மனின் 99.94ஐக் கிழித்துப் போட்டுவிடுவோமா? (சச்சின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் சச்சின் அவுட்டானால் டிவியை அணைத்த கூட்டம்தான்.) எம்மிட்டையும் நான் குறைத்துப் பேசவில்லை. 1994 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராகத் தோள்மூட்டு விலகிய நிலையில் ஆடி 168 யார்டு ஓடிய மனிதர் அவர். ஆனால் அவருக்கு முன்னால் லைன்மேன்களின் ஒரு மலைத்தொடரே நின்றது, பக்கத்தில் குவார்ட்டர்பேக் எய்க்மன், அந்தக் கடைசியில் அவர் எறிவதைப் பிடிக்கும் இர்வின். பாரிக்கு? பந்து கொடுக்கும் குவார்ட்டர்பேக் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தார். லோமஸ் பிரவுன் போன்ற லைன்மேன் இருந்தாரே என்பீர்கள். இருந்தார், 1995 வரை.

அந்தச் சராசரிக் கணக்கில்தான் ஜிம் பிரவுன் எல்லாருக்கும் மேலே போய் உட்காருகிறார். கிளீவ்லாந்துக்காக 1957 முதல் 1965 வரை ஒன்பது பருவம், அதில் எட்டில் லீகிலேயே அதிக யார்டு. தடவைக்கு 5.2. ஆட்டத்துக்கு 104.3 யார்டு, அந்த இடத்தில் நூறைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். ஒரு ஆட்டம்கூட உட்காரவில்லை. அதுவும் பருவத்துக்கு முதலில் 12, பிறகு 14 ஆட்டம்தான் இருந்த காலம். அன்றைய தடுப்பாளர்கள் உடம்பில் சிறியவர்கள், 230 பவுண்டு ஆளை எப்படி நிறுத்துவார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சிகாகோவின் வால்டர் பேட்டனைச் சொல்லாமல் போனால் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் என்னைச் சும்மா விடமாட்டார்: 13 வருடம், 16,726 யார்டு, தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். போதும்.

இனி நான் எதற்காக உட்கார்ந்தேனோ அந்தக் கதை.

நான் 1997 கோடையில் மிச்சிகன் வந்தேன். ஒய்டூகே (Y2K) வேலை, கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்களில் வருடத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நான்கு இலக்கமாக்கும் வேலை. என்னை அழைத்து வந்த கன்சல்டிங் நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேரைப் போட்டார்கள். வாடகையை நான்காகப் பிரித்தார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ஆளுக்குப் பாதி வாடகை பிடித்தார்கள். நான்கு பேரிடமும். ஆக அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு வாடகை வசூலானது. எட்டு மாதம் கழித்து, வீட்டு மேலாளர் அறையில் தற்செயலாக ஒப்பந்தத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கேட்டதற்கு, “ஃபர்னிச்சர் சார்ஜ்” என்றார்கள். இரண்டு மெத்தையும் மடக்கு மேசையும்! இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் அந்தப் பணம் இன்றுவரை வயிற்றில் கனக்கிறது.

அந்த வீட்டு நால்வரில் ஒருவன் திருச்சிக்காரன். எனக்கு முன்னால் ஒரு வருடம் டல்லாஸில் இருந்தவன், அதனால் எம்மிட் பக்தன். ஆட்டமே புரியாத எனக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நவம்பரில் தேங்ஸ்கிவிங் அன்று எங்கள் அலுவலக டீம் லீடர் நால்வரையும் வீட்டுக்கு அழைத்தார். வான்கோழி சாப்பிடாத நான் மசித்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். டெட்ராய்ட் லயன்ஸ், சிகாகோ பேர்ஸ். ஐந்தடி எட்டு அங்குலத்தில், மற்ற வீரர்களுக்கு நடுவே பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒருவர், பாரி. பந்தை வாங்கினார், நான்கு பேர் சூழ்ந்தார்கள், முடிந்தது என்று நினைத்தேன். நின்றார். ஓடுகிற ஆள் நடுவில் நிற்பாரா? நின்றார், பிடிக்க வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய் விழுந்தார்கள், இவர் எதிர்ப்பக்கமாகப் போய்விட்டார். அன்று 167 யார்டு, மூன்று டச்டவுன், லயன்ஸ் 55-20 என்று ஜெயித்தது. டச்டவுன் போட்டதும் ஆடவில்லை, பந்தைத் தரையில் அடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். என் மனசு அங்கேதான் விழுந்தது.

“என்ன மச்சி, ஒரு அடி முன்னாடி போறதுக்கு மூணு அடி பின்னாடி போறான்?” என்றான் திருச்சிக்காரன். அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பாரி பின்னால் போய்ப் பிடிபட்டு யார்டு இழந்த தருணங்கள் ஏராளம். 1994 கடைசி நாளில் கிரீன் பே மைதானத்தில், பருவம் முடிந்து வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில், 13 தடவை ஓடி மொத்தம் மைனஸ் 1 யார்டு. அவனுக்கு இது மனப்பாடம். சண்டை வரும்போதெல்லாம் “மைனஸ் ஒண்ணு” என்று விரலைக் காட்டுவான்.

டிசம்பர் 21, 1997. லயன்ஸின் அன்றைய அரங்கமான பான்டியாக் சில்வர்டோம், பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரே நியூயார்க் ஜெட்ஸ். பாரி முதல் இரண்டு ஆட்டத்தில் 33, 20 யார்டு மட்டுமே எடுத்துவிட்டு, அடுத்த ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறைத் தாண்டிக்கொண்டு வந்தார். அன்று 131 எடுத்தால் ஒரே பருவத்தில் 2,000. அதுவரை ஓ.ஜே. சிம்ப்சனும் எரிக் டிக்கர்சனும் மட்டுமே தொட்டிருந்த எண். எனக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது, மேல் அடுக்கில், கோல் கம்பத்துக்குப் பின்னால். அவர் அன்று 184 எடுத்தார், மொத்தம் 2,053. லயன்ஸ் 13-10 என்று ஜெயித்து பிளேஆஃப் போனது.

“பாரி ரெண்டாயிரம் தொட்டதை நேர்ல பார்த்தவன் நான்.” இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதைச் சொல்லிவருகிறேன். பார்ட்டிகளில், புதிதாகச் சேரும் பையன்களிடம், என் மகளிடம் அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து.

நான் பார்க்கவில்லை. நாச்சோஸ் வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். கூரையே கீழே வந்துவிட்டது போல் சத்தம் கேட்டது. வரிசையை விட்டு ஓடினேன், படிக்கட்டு வாசலில் எல்லாரும் எழுந்து நின்றதால் முதுகுகள்தான் தெரிந்தன. இவ்வளவுதான். பெயர் போடாமல் எழுதும் வசதி இந்தத் தளத்தில் இருப்பதால் சொல்கிறேன்.

அன்று நான் உண்மையாகவே பார்த்தது வேறு. அதே ஆட்டத்தில் லயன்ஸின் லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்) ரெஜி பிரவுன், 23 வயது, ஒரு மோதலில் விழுந்து அசையாமல் கிடந்தார். தண்டுவடத்தில் அடி. மைதானத்திலேயே மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார்கள். எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் காற்று இயந்திரங்களின் இரைச்சல் எனக்குக் கேட்டது. வீரர்கள் முழங்காலிட்டிருந்தார்கள். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரெஜி பிழைத்தார், பிறகு நடந்தார், ஆனால் அவருடைய ஆட்டக்காலம் அன்றோடு முடிந்தது. என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

1999 ஜூலை கடைசியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், பாரி தன் சொந்த ஊரான விசிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார். 31 வயது. அன்று சாதனையாக இருந்த பேட்டனின் 16,726க்கு இன்னும் 1,457 யார்டு. ஒரு பருவம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. திருச்சிக்காரன் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தான். தொலைபேசியில் கூப்பிட்டு, “என்னடா, உங்க ஆள் ஓடிட்டானாமே?” என்றான். சிரிப்பு நிற்கவே இல்லை. நான் வைத்துவிட்டேன்.

இன்றைக்கு என் பதில் இது. அவர் ஆடிய பத்து வருடத்திலும் ஆயிரம் யார்டுக்குக் குறையவில்லை. அந்தப் பத்து வருடத்தில் லயன்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டம், 1992 ஜனவரியில், அதுவும் (திருச்சிக்காரன் கவனிக்கவும்) டல்லாஸை 38-6 என்று. அடுத்த பிளேஆஃப் வெற்றிக்கு அந்த ஊர் 2024 ஜனவரி வரை காத்திருந்தது. தோற்றுத் தோற்றுச் சலித்துப் போனதுதான் காரணம் என்று பாரியே பின்னர் சொன்னார். சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது வேண்டாம் என்று போகிறவரைப் பயந்து ஓடியவர் என்பதா? முதல் வருடமே, கடைசி ஆட்டத்தில் இன்னும் பதினொரு யார்டு எடுத்திருந்தால் லீகில் முதலிடம் என்ற நிலையில், ஆட்டம்தான் ஜெயித்தாகிவிட்டதே என்று திரும்பக் களத்துக்குப் போகாதவர் அவர். ஜிம் பிரவுனும் 30 வயதில், உச்சத்தில் இருக்கும்போது விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனார். அவரை யாரும் ஓடிப்போனவர் என்பதில்லை. ஆனால் ரசிகனுக்கு அன்று வலித்தது, அதையும் மறைக்கவில்லை. முகாம் தொடங்கும் நேரத்தில் ஃபேக்ஸ் அனுப்பியது சரியில்லைதான்.

லயன்ஸின் இப்போதைய அரங்கமான ஃபோர்டு ஃபீல்டுக்கு வெளியே 2023இல் பாரிக்குச் சிலை வைத்தார்கள். அடுத்த வருடம் மகளோடு போனேன். அவள் படம் எடுத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற நீலச் சட்டைக் கிழவரிடம், எங்கப்பா 2,000 யார்டை நேரில் பார்த்தார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்றார். மேல் அடுக்கு, கம்பத்துக்குப் பின்னால் என்றேன். நானும் அந்தப் பக்கம்தான் என்றார். எனக்குக் கை வியர்த்துவிட்டது, அடுத்து அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று.

அவர், “அந்தப் பையன் விழுந்து கிடந்தானே, அப்போது இருந்தீர்களா?” என்றார்.

இருந்தேன் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்க்கிங் நேரம் முடிகிறது என்று மகள் கூப்பிட்டாள்.